நூறாவது பை

ரத்தம் கொடுத்தவர்களுக்கு உங்கள் ஆஸ்பத்திரியில் தரும் பிஸ்கெட் நன்றாகத்தான் இருக்கிறது, டாக்டரம்மா. குறையாகச் சொல்லவில்லை. ஆனால் தூத்துக்குடியில் இருந்துகொண்டு ஆளுக்கு இரண்டு மக்ரூன் வைத்தால் என்ன குறைந்துவிடப் போகிறது என்று எனக்கு எப்போதும் ஒரு எண்ணம் உண்டு. கோவில்பட்டி முகாமுக்குப் போனால் கடலை மிட்டாய் தருகிறார்கள். நாகர்கோவிலில் நேந்திரங்காய் சிப்ஸ். அந்தந்த ஊருக்கு ஒரு கௌரவம் இருக்கிறது அல்லவா. இத்தனை வருடமாக ரத்தம் கொடுக்கிறவன் என்ற முறையில் ஒரு யோசனை, அவ்வளவுதான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் கடிகாரத்தைப் பார்க்கிறீர்கள். மேலே தீவிர சிகிச்சைப் பிரிவில் என் தங்கை மாப்பிள்ளை சிவப்பிரகாஷ் படுத்திருக்கிறார். உடம்பில் இருக்க வேண்டிய ரத்தத்தில் பாதிகூட இல்லை. உங்கள் அவசரம் எனக்குப் புரிகிறது. நீங்கள் இரண்டு கேள்வி கேட்டீர்கள். மாப்பிள்ளைக்கு இதற்கு முன்னால் எங்கேயாவது ரத்தம் ஏற்றியிருக்கிறதா என்பது ஒன்று. அவருக்கு இப்போது ஏற்றக்கூடிய அந்த அபூர்வமான ரத்தம் உள்ளவர் யாரையாவது, குருதிக் கொடையாளர் மன்றத் தலைவர் என்ற முறையில், எனக்குத் தெரியுமா என்பது இன்னொன்று. இரண்டுக்கும் பதில் சொல்கிறேன். வரிசையாகத்தான் சொல்ல வரும். நடுவில் தாண்டினால் எனக்கு எல்லாம் குழம்பிவிடும்.

நானாகவே வந்து சொல்கிறேன் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். காலையில் மாப்பிள்ளைக்கு நினைவு திரும்பி உங்களிடம் 'ஆலப்புழை' என்று ஒரு வார்த்தை சொன்னதாக நர்ஸ் சொன்னாள். அதற்கும் நான் வந்து உட்கார்ந்ததற்கும் சம்பந்தம் இல்லை.

என்னை உங்களுக்குத் தெரியும். ஏரலில் பாத்திரக்கடை. கல்யாணச் சீர்வரிசை என்றால் ஆழ்வார்திருநகரியிலிருந்துகூட ஆறுமுகநயினார் கடைக்குத்தான் வருவார்கள். கடை அப்பா வைத்தது. நானாகத் தொடங்கியது ரத்தம் கொடுப்பது மட்டும்தான். இளவட்டமாக இருந்தபோது ஒரு முகாமில் என்னோடு வந்தவன் ஊசியைப் பார்த்ததும் மயங்கி விழுந்தான், நான் விழவில்லை. அங்கிருந்த நர்ஸ், 'தம்பிக்கு நல்ல தைரியம்' என்றார். அதுவரை என்னை யாரும் அப்படிச் சொன்னதில்லை. அன்றிலிருந்து போய்க்கொண்டே இருந்தேன். வீட்டில் முருகேஸ்வரி சொல்லுவாள், "ஊருக்கெல்லாம் ரத்தம் குடுக்கிய. வீட்டுக்கு ஒரு தேங்கா வாங்கியாரச் சொன்னா மறந்துட்டு வந்து நிக்கிய." மனைவிமார் அப்படித்தான் பேசுவார்கள். நான் அதைப் பொருட்படுத்துவதில்லை.

ஆனால் ஒரு விஷயம் மனதை அரித்துக்கொண்டே இருந்தது. என் கடையில் ஒரு சொம்பு வாங்கினாலும் பெயர் வெட்டிக் கொடுக்கிறோம். 'ஆறுமுகநயினார் அன்பளிப்பு' என்று நான் கொடுத்த குத்துவிளக்குகள் இந்த வட்டாரத்தில் எத்தனை வீட்டில் நிற்கின்றன தெரியுமா. சண்டை போட்டுப் பேச்சுவார்த்தை நின்றுபோனவர்கள்கூட தினமும் சாயங்காலம் என் பெயரைத் துடைத்து விளக்கேற்றித்தான் ஆக வேண்டும். ரத்தப் பையில் அப்படிப் பெயர் வெட்ட வழியில்லை. ஒரு எண்ணை ஒட்டி அலமாரியில் வைத்துவிடுகிறீர்கள். தொண்ணூற்றொன்பது பை கொடுத்துவிட்டேன், ஒன்றுகூட யார் உடம்பில் ஓடுகிறது என்று எனக்குத் தெரியாது. யாராவது தெருவில் நல்ல திடமாக நடந்துபோனால் இது நம்முடையதாக இருக்குமோ என்று பார்த்துக்கொண்டு நிற்பேன். அது ஒரு வேதனை, டாக்டரம்மா. உங்களுக்குச் சொன்னால் புரியாது.

நூறாவது பைக்கு விழா எடுப்பதென்று மன்றம் முடிவு செய்தது. தலைவர் நான்தான் என்பதால் முடிவு செய்ய அதிக நேரம் ஆகவில்லை. 'குருதிக் கர்ணன்' என்று பட்டம். அதையும் நானே யோசித்துக் கொடுக்க வேண்டியதாயிற்று, மற்றவர்கள் சொன்னதெல்லாம் எடுபடவில்லை. மண்டபம் பேசியாகிவிட்டது. அவசரத்துக்குக் காரணம் செல்வதுரை அண்ணாச்சி. தூத்துக்குடியில் உப்பு வியாபாரம் செய்கிறார். எங்கள் மன்றத்து உறுப்பினர். அவரும் தொண்ணூற்றொன்பதில் நின்றார். ஆனால் ஒரு தடவை கொடுத்தால் மறுபடி கொடுக்க மூன்று மாதம் ஆக வேண்டும். அவருக்கு இன்னும் சில நாள் பாக்கி இருந்தது. எனக்கு ஆகிவிட்டது. நல்ல மனிதர்தான், சும்மா சொல்லக்கூடாது. அவரிடம் எனக்கு ஒரே ஒரு வருத்தம்தான். அவரை நல்லவர் என்று சொல்லும்போது யாரும் 'சும்மா சொல்லக்கூடாது' என்று சேர்த்துச் சொல்வதில்லை.

இந்த நேரத்தில்தான் மாப்பிள்ளை ரத்த வாந்தி எடுத்தார்.

அவர் துறைமுகத்தில் கிளியரிங் ஏஜென்ட். முழங்கால் வலிக்கு மாத்திரையைக் கடலை மாதிரி கொறிக்கிற பழக்கம் உண்டு. மத்தியானம் சாப்பாட்டில் கை வைத்தவர், இலையிலேயே எடுத்துவிட்டார். செண்பகம் எனக்குப் போன் செய்து, "அண்ணே, அவுக வாயெல்லாம் ரத்தமா வருது, எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல," என்று அழுதாள். எனக்கு இருப்பது ஒரே தங்கை. அவள் அழுதால் என்னால் தாங்க முடியாது. காரை எடுத்துக்கொண்டு பறந்து வந்தேன். வரும் வழியில் பாதித் தூரம் தாண்டும்போதுதான் மாப்பிள்ளையும் பி பாசிட்டிவ், நானும் பி பாசிட்டிவ் என்பது நினைவுக்கு வந்தது. அந்த நேரத்திலும் மனதுக்கு ஒரு ஆறுதலாக இருந்தது.

நான் வந்து சேர்ந்தபோது அவர் அரை மயக்கத்தில் இருந்தார். நீங்கள் வந்து எங்கள் இருவரிடமும் கேட்டீர்கள், முன்னால் ரத்தம் ஏற்றியிருக்கிறதா என்று. செண்பகம், "இல்ல டாக்டர், அவுக உடம்பு இரும்பு, ஒரு நாளு ஆஸ்பத்திரின்னு படுத்ததில்ல," என்றாள். நானும் இல்லை என்றேன்.

இருக்கிறது. அதுதான் உங்கள் முதல் கேள்விக்குப் பதில்.

ஏழு வருடத்துக்கு முன்னால் நானும் மாப்பிள்ளையும் பழனிக்குப் பாதயாத்திரை கிளம்பினோம். பச்சை வேட்டி கட்டி, செண்பகம் கையால் விபூதி பூசிக்கொண்டு, தெருவே வழியனுப்பிவைத்தது. திருநெல்வேலியில் வேட்டியை மாற்றிக்கொண்டு ஆலப்புழைக்கு ரயில் ஏறிவிட்டோம். அங்கே படகு வீட்டில் இரண்டு நாள் கள்ளும் காரமான மீனும். மூன்றாம் நாள் மாப்பிள்ளை படகிலிருந்து எட்டி காயல் தண்ணீரில் ரத்தமாக வாந்தி எடுத்தார். அங்கே ஒரு ஆஸ்பத்திரியில் வைத்து இரண்டு பை ஏற்றிப் பிழைக்க வைத்தார்கள். ஊருக்குத் திரும்பியதும் செண்பகம் பஞ்சாமிர்தம் எங்கே என்று கேட்டாள். திருநெல்வேலி ஜங்ஷனில் மறக்காமல் வாங்கி வைத்திருந்தோம். மாப்பிள்ளை இளைத்திருந்ததைப் பார்த்து நடந்த களைப்பு என்று நினைத்துக்கொண்டாள். அந்த வருடம் எங்கள் இருவருக்கும் பக்தியில் நல்ல பெயர்.

ஒரு மாதம் கழித்து, காணிக்கை பாக்கி என்று சொல்லிவிட்டுச் சோதனைக்காக மறுபடியும் அதே ஆஸ்பத்திரிக்குப் போனோம். அன்றைக்குத்தான் அங்கிருந்த டாக்டர் எங்களை உட்கார வைத்துச் சொன்னார். குரூப் ஒன்றாக இருந்தால் மட்டும் போதாதாம். கிட்டத்தட்ட எல்லோர் ரத்தத்திலும் இருக்கிற ஏதோ ஒரு சின்னப் பொருள் மாப்பிள்ளை ரத்தத்தில் இல்லையாம். அது உள்ள ரத்தத்தை ஏற்றியதால் அவர் உடம்பு அதை அன்னியம் என்று பிடித்துவைத்துக்கொண்டு, எதிர்ப்பொருளைத் தயார் செய்துவிட்டதாம். போகப்போக அந்த எதிர்ப்பொருள் குறைந்து, எந்தச் சோதனையிலும் தெரியாத அளவுக்கு ஒடுங்கிவிடும். போய்விட்டது என்று நினைத்து அதே மாதிரி ரத்தத்தை மறுபடி ஏற்றினால், ஒரு வாரத்தில் கிளம்பிவந்து ஏற்றிய ரத்தத்தை எல்லாம் உடைத்துவிடும். அதனால் எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் வாயால் சொல்லிவிடுங்கள், சோதனையை நம்பி இருக்காதீர்கள் என்றார்.

எனக்கு அது உடனே விளங்கியது. எங்கள் பெரியப்பா ஒருவர் கல்யாணப் பந்தியில் தனக்கு இரண்டாம் முறை பாயசம் ஊற்றாதவனை ஒன்றுமே சொல்லாமல் பார்த்துவிட்டு எழுந்தார். பல வருடம் அவனோடு சிரித்துத்தான் பேசினார். அவன் பெண்ணுக்கு வரன் பார்த்து வந்தவர்கள் இவரிடம் விசாரித்த அன்றுதான் அந்தப் பாயசம் வெளியே வந்தது. மனிதனுக்குள் இதெல்லாம் உண்டு. ரத்தத்திலும் உண்டு என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

இதையெல்லாம் எழுதிக் கையில் ஒரு அட்டை கொடுத்தார்கள். செண்பகம் துவைக்கும்போது சட்டைப் பையைத் தடவுவாள் என்று பயந்து மாப்பிள்ளை அதை ரயில் ஜன்னல் வழியாகப் போட்டுவிட்டார். திருச்செந்தூர் முருகன் மேல் ஆணையாக இதைச் செண்பகத்திடம் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கினார். இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும். செண்பகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நீங்கள் கேட்டபோது நான் இல்லை என்று சொன்னது, கொடுத்த வாக்குக்காக. சாமி மேல் செய்த சத்தியத்தை மீறச் சொல்ல மாட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

தனியாக வந்து சொல்லியிருக்கலாமே என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. அதற்கும் வருகிறேன்.

உங்கள் சோதனையில் ஒன்றும் தெரியவில்லை. அதில் உங்கள் தப்பு எதுவும் இல்லை. அன்றைக்கே ஒரு பையை உங்கள் அலமாரியிலிருந்து எடுத்து ஏற்றினீர்கள். இன்னொரு பை வேண்டியிருக்கும் என்றீர்கள். என்னுடையதை எடுத்து அவருக்கே ஏற்றுங்கள் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். உங்களுக்கு அதில் விருப்பம் இல்லை, யார் பையாக இருந்தாலும் ரத்தம் ரத்தம்தான் என்றீர்கள். நான் விடவில்லை. மன்றத் தலைவர் என்பதால் கடைசியில் சரி என்றீர்கள். மறுநாள் காலையில் என்னைப் படுக்க வைத்து ஊசி போட்டீர்கள். பை அந்தச் சின்ன மேடையில் தொட்டில் போல ஆடி ஆடி நிறைந்துகொண்டிருந்தது. அப்போது ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து நீங்கள் கேட்டீர்கள்:

"சார், வீட்டுக்காரம்மா முன்னாடி சில விஷயம் சொல்ல முடியாது, எனக்குத் தெரியும். இப்ப அவங்க இல்ல. உங்க மாப்பிள்ளைக்கு வேற ஊர்ல எங்கயாவது, எப்பவாவது ரத்தம் ஏத்தியிருக்கா? நீங்க சொன்னா என்னோட போயிடும்."

நீங்கள் கெட்டிக்காரி, டாக்டரம்மா. அப்போதே நினைத்தேன்.

மாப்பிள்ளையும் அதைத்தான் சொல்லியிருந்தார். அட்டையை ஜன்னல் வழியாகப் போட்ட கையோடு, "ஒமக்குத்தான் தெரியும்லா மச்சான். செண்பகத்துக்குத்தான் தெரியக் கூடாது. அப்படி ஒரு நேரம் வந்தா டாக்டர்கிட்ட நீரு சொல்லிரும், என்னா," என்றார். சத்தியத்தில் அந்தப் பகுதியும் உண்டு. சற்று முன் சொல்ல விட்டுப்போய்விட்டது.

நான் பையைப் பார்த்தேன். பாதி நிறைந்திருந்தது. ஆமாம் என்று சொன்னால் என்ன ஆகும் என்று யோசித்தேன். நீங்கள் என்னுடையதை அவருக்கு ஏற்ற மாட்டீர்கள். மதுரைக்கும் சென்னைக்கும் போன் போடுவீர்கள், இன்றைக்குக் காலையிலிருந்து போடுகிற மாதிரி. என் நூறாவது பையில் ஒரு எண்ணை ஒட்டி அலமாரியில் மற்றதோடு வைத்துவிடுவீர்கள். அது யாருக்கோ போய்விடும். மேடையில் எனக்குப் பக்கத்தில் நிற்க ஒரு ஆள் இருக்காது. அந்த ஆளின் படத்தைப் போட்டு ஃப்ளெக்ஸ் அடிக்கச் சொல்லி ஏரலில் ஸ்டூடியோ வைத்திருக்கும் சொரிமுத்துவுக்கு நான் முதல் நாள் சாயங்காலமே போன் செய்துவிட்டேன். 'என் உடம்பில் ஓடுவது குருதிக் கர்ணனின் ரத்தம்' என்று மாப்பிள்ளை கைகூப்பிச் சொல்கிற மாதிரி. படம் செண்பகம் வீட்டுக் கிரகப்பிரவேசத்தில் எடுத்தது, நல்ல சிரித்த முகம்.

இல்லை என்றேன்.

உங்கள் சோதனையிலும் ஒன்றும் தெரியவில்லை, ஏழு வருடம் ஆகிவிட்டது, ஒருவேளை உண்மையிலேயே போயிருக்கும் என்று என் மனதில் தோன்றியது. டாக்டரான உங்களுக்கே தெரியாத ஒன்றைப் பாத்திரக்கடைக்காரன் நான் எதற்கு முந்திரிக்கொட்டை மாதிரி சொல்ல வேண்டும். தவிர, ஏறியது இரண்டு பை. ஒன்று என்னுடையது, இன்னொன்று யாருடையதோ. அதிலும் அந்தப் பொருள் இருந்திருக்கிறது. அந்த ஆளை நீங்கள் கூப்பிட்டு இப்படி விசாரிக்கவில்லை. கணக்காகப் பார்த்தால் பாதிதான் என் மேல் வரும்.

மாப்பிள்ளை தேறினார். வீட்டுக்கு அனுப்பினீர்கள். அந்த நாட்களைப் போல் நான் சந்தோஷமாக இருந்ததே இல்லை, டாக்டரம்மா. தினமும் ஏரலிலிருந்து வந்து அவரைப் பார்ப்பேன். அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். கை கதகதப்பாக இருக்கும். என் சூடு என்று நினைத்துக்கொள்வேன். "அண்ணே, அவுக இப்பம் வெண்டைக்கா கேட்டு வாங்கித் திங்காவ," என்று செண்பகம் ஒருநாள் ஆச்சரியமாகச் சொன்னாள். எனக்கு வெண்டைக்காய் என்றால் உயிர். அன்று ஏரல் வரை காரில் பாட்டுப் பாடிக்கொண்டே போனேன்.

வெள்ளிக்கிழமை செண்பகம் போன் செய்தாள். ஞாயிற்றுக்கிழமை விழா.

"அண்ணே, அவுகளுக்குக் காச்ச அடிக்கி. கண்ணு மஞ்சளாக் கெடக்கு. மூத்திரம் கருப்பட்டிக் காப்பி மாதிரி போகுதுங்காவ. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவட்டுமா?"

ஆலப்புழை டாக்டர் சொன்ன ஒரு வாரம் என்பது எனக்கு நினைவுக்கு வந்தது. வரவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். இன்று உங்களிடம் எதையும் மறைப்பதாக இல்லை.

"ஏளா, இது வெயில் காலம்லா. மஞ்சக் காமாலையா இருக்கும்," என்றேன். "கீழாநெல்லிய அரைச்சு மோர்ல குடு. ஞாயித்துக்கெழம கழியட்டும், திங்கக்கெழம மொத ஆளா நானே கூட்டிட்டுப் போறேன்."

அண்ணன் சொன்னால் அவள் மறுபேச்சு பேச மாட்டாள். அரைத்துக் கொடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை நானே கார் அனுப்பினேன். மாப்பிள்ளை இறங்கியபோது எனக்கே திக்கென்றது. சந்தனக்காப்பு சாத்தின மாதிரி இருந்தார். முகத்துக்குப் பவுடர் போடச் சொன்னேன். கண்ணுக்கு என் கூலிங் கிளாஸைக் கொடுத்தேன். "மச்சான், தல கிறுகிறுன்னு வருது," என்றார். "ரெண்டு வார்த்த பேசிட்டு உக்காந்துரும். ஒமக்கு ரத்தம் குடுத்தவனுக்கு இது செய்யப்பிடாதா," என்று கேட்டேன். அவர் பெருந்தன்மையான மனிதர். சரி என்றார்.

விழா அமோகமாக நடந்தது. சிறப்பு விருந்தினர் என் காதுக்கு எட்டாத குரலில் வெகு நேரம் பேசினார், அது ஒன்றுதான் குறை. மாப்பிள்ளை பொன்னாடையை எடுத்து எனக்குப் போர்த்தியபோது படம் எடுக்க வந்த சொரிமுத்து மேடையோரம் வந்து, "அண்ணாச்சி, எத்தன தடவ செட்டிங் மாத்தினாலும் அவுக மட்டும் மஞ்சளாவே விழுதாவ," என்றான். கம்ப்யூட்டரில் சரிசெய்துகொள், முதலில் எடு என்றேன். மாப்பிள்ளை ஒலிபெருக்கியைப் பிடித்து, "எங்க மச்சான் ரத்தம்..." என்றார். அதற்கு மேல் வரவில்லை. அப்படியே என் மேல் சாய்ந்தார். உணர்ச்சிவசப்பட்டுவிட்டார் என்று மண்டபமே கைதட்டியது. பெண்கள் பக்கம் சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நான் அவரை இடுப்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றேன். விழாமல் பிடித்துக்கொண்டது நான்தான் என்பதை எல்லோரும் பார்த்தார்கள். சொரிமுத்து இன்னும் ஒன்று என்று கை காட்டினான், அதற்கும் நின்றோம்.

முன்வரிசையிலிருந்து செல்வதுரை அண்ணாச்சி எழுந்து மேடைக்கு ஏறி வந்தார். மாப்பிள்ளையின் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார்.

"ஏலே நயினாரு, ஆளு மஞ்சக் கெழங்கா நிக்கான், ஒனக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு? படம் புடிச்சிட்டு நிக்கே." 

சபையில் பேசுகிற பேச்சா அது. பொன்னாடை தோளில் ஏறின பிறகு ஒருவனை 'ஏலே' என்று கூப்பிடலாமா. எனக்கு மனது மிகவும் வருத்தப்பட்டது. அவர்தான் மாப்பிள்ளையைத் தூக்கித் தன் காரில் போட்டுக்கொண்டு இங்கே கொண்டுவந்து சேர்த்தார். செண்பகம் அவரோடு ஏறிப் போய்விட்டாள். நான் நன்றியுரை முடிந்து வந்தேன். தலைவர் இல்லாமல் நன்றியுரை நடக்காது.

இன்று காலை நீங்கள் அந்தக் கண்ணாடிக் குழாயை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினீர்கள். அன்றைக்குத் தெளிவாக இருந்த இடத்தில் இப்போது ரத்தம் ரவை ரவையாகத் திரண்டு நிற்கிறது. ஒளிந்திருந்தது வெளியே வந்துவிட்டது, ஏற்றிய இரண்டு பையும் உடைந்துபோய்விட்டது, சிறுநீரகம் திணறுகிறது என்றீர்கள். மதுரையில் இருப்பு இல்லை, சென்னையிலிருந்து வர நாளை சாயங்காலம் ஆகும், அதுவரை தாங்குவாரா என்று சொல்ல முடியாது என்றீர்கள். செண்பகம் படிக்கட்டில் உட்கார்ந்திருக்கிறாள். என்னைப் பார்த்து, "நல்லவேள நீ இருக்க அண்ணே," என்றாள். எனக்குத் தொண்டையை அடைத்துவிட்டது. நான் கல் நெஞ்சக்காரன் இல்லை, டாக்டரம்மா.

என் நூறாவது பை இப்போது யார் உடம்பிலும் ஓடவில்லை என்பதை நினைத்தால் அதைவிட அடைக்கிறது. அதையும் நீங்கள் எழுதிக்கொள்ளலாம்.

இனி இரண்டாம் கேள்வி. நேரம் ஆகிவிட்டது, தெரியும். நான் உங்களைக் காக்க வைக்கவில்லை, நீங்கள் கேட்ட வரிசையில்தான் வருகிறேன்.

மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் இரண்டு வருடத்துக்கு முன்னால் பிரசவத்துக்கு வந்த ஒரு பெண்ணுக்கு இதே தொல்லை. இதே பொருள் இல்லாத ரத்தம் வேண்டும் என்று தேடி, எங்கள் மன்றத்து ஆள் ஒருவருடையது பொருந்தி, கார் அனுப்பி அழைத்துப் போனார்கள். தலைவர் என்று நானும் கூடப் போயிருந்தேன். 'லட்சத்தில் ஒருத்தர் மாதிரி சார் நீங்க' என்று அந்த டாக்டர் என் கண் முன்னால் அவர் கையைக் குலுக்கினார். எனக்கு ஒரு காப்பி கொடுத்தார்கள். ஊருக்கு வந்து அவர் அதைப் பற்றி ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. ஒரு ஃப்ளெக்ஸ்கூட வைக்கவில்லை. ரத்தத்தின் அருமை தெரியாதவர்களுக்குத்தான் இப்படி அபூர்வமானது அமைகிறது. ஓ பாசிட்டிவ், மாப்பிள்ளைக்கும் ஏற்றலாம். மூன்று மாதக் கணக்கும் போன வாரத்தோடு முடிந்துவிட்டது.

செல்வதுரை அண்ணாச்சிதான்.

நீங்கள் போனை எடுக்க வேண்டாம். அவர் ஊரில்தான் இருக்கிறார், இந்த ஆஸ்பத்திரியிலேயே கீழே வரவேற்பில் நேற்றிலிருந்து உட்கார்ந்திருக்கிறார். காலையில் என்னிடம் வந்து, "ரத்தம் கித்தம் வேணும்னா சொல்லு, நான் இங்கனதான் கெடக்கேன்," என்றார். மதுரையிலிருந்து ரத்தம் வந்துவிட்டது, நீங்கள் வீட்டுக்குப் போங்கள் என்று சொல்லிவிட்டேன். அவர் போகவில்லை. "அவன் கண்ண முழிக்கட்டும், ஒரு பார்வ பாத்துட்டுப் போறேன்," என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டார். பிடிவாதக்காரர்.

எழுந்துவிட்டீர்கள். போங்கள், நான் தடுக்கவில்லை. இதோ எல்லாவற்றையும் என் வாயாலேயே சொல்லிவிட்டேன், இனி என் மேல் ஒரு குறையும் இல்லை. கதவைத் திறப்பதற்கு முன் ஒரே ஒரு விஷயம், டாக்டரம்மா. அவரிடம் ரத்தம் எடுக்கும்போது, இதை நூறாவதாக எண்ண வேண்டாம் என்று நீங்கள் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். ஒரு மனுஷன் உயிருக்குப் போராடிக்கொண்டிருக்கும்போது கொடுக்கிற ரத்தத்தைப் போய் எண்ணிக்கொண்டிருப்பது நன்றாகவா இருக்கிறது.